இ2 வருகிறது, ஆனால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது: ஹீட்டர் எரர் கோட் பற்றி ஒரு சந்தேகம்

தங்கச்சிமடம் டீச்சர் · செவ்வாய், காலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பேரனுக்கு இன்றோடு 19 நாள். இந்த நேரம் பார்த்துக் குளியலறை ஹீட்டர் மக்கர் பண்ணுகிறது. 25 லிட்டர், 2 கிலோவாட், முகப்பில் சிவப்பு எழுத்தில் வெப்பநிலை காட்டும் வகை. வாங்கி நாலரை வருடம் ஆகிறது. சுவிட்சைப் போட்டதும் 29 என்று காட்டும். கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் பீப் பீப் என்று கத்திவிட்டு இ2 என்று நின்றுவிடும். அணைத்துவிட்டுப் போட்டால் திரும்பவும் அதே கதை.

கையேட்டைக் காணோம். யூடியூபில் ஒருவர் இ2 என்றால் தொட்டியில் தண்ணீர் இல்லை என்கிறார், இன்னொருவர் இ2 என்றால் சென்சார் போய்விட்டது என்கிறார். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாகவே கொட்டுகிறது. நேற்று வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு டீச்சர், 3,200 ரூபாய் ஆகும்" என்றார். மாற்றிவிடலாமா?

சாயல்குடி கரிமூட்டை · செவ்வாய், காலை 7:15

சித்திரையில் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாலே நமக்கு வெந்நீர்தான். மார்கழியில் பச்சைப் பிள்ளைக்கு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். டீச்சர், கருவேல விறகுக்கு எரர் கோட் கிடையாது. கொல்லையில் மூன்று கல்லை வைத்து அண்டாவை ஏற்றுங்கள்.

மண்டபம் வயர்மேன் · செவ்வாய், காலை 8:05

டீச்சர், போர்டை, அதாவது ஹீட்டரை இயக்கும் மின்னணு அட்டையை, இப்போது மாற்றாதீர்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். சுவிட்சைப் போட்டு எத்தனை நிமிடத்தில் இ2 வருகிறது? உள்ளே ஏதாவது சத்தம் கேட்கிறதா? ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா?

எந்தக் கோட் என்று பார்ப்பதைவிட அது எப்போது வருகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு உதவும். இ1, இ2, இ3 என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தண்ணீர் நிரப்பி வைக்கும் டிஜிட்டல் ஹீட்டர் பலவற்றில் இ1 மின்கசிவு, இ2 தண்ணீர் இல்லாமல் காய்தல், இ3 அளவு மீறிய சூடு, இ4 சென்சார் கோளாறு என்ற வரிசை இருக்கும். ஆனால் இ1-ஐயே சென்சாருக்கு வைத்திருக்கும் கம்பெனியும் உண்டு. யூடியூபில் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, வேறு வேறு ஹீட்டரைப் பற்றிப் பேசுகிறார்கள். உங்கள் ஹீட்டரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதை வைத்துக் கம்பெனியின் தளத்தில் கையேட்டைத் தேடுங்கள்.

நேரக் கணக்கு மட்டும் எல்லாக் கம்பெனிக்கும் அநேகமாக ஒன்றுதான். போட்ட நொடியே கோட் வந்தால் சென்சார், அதன் வயர், அல்லது போர்டு. போர்டு எழுந்ததும் முதலில் சென்சாரைத்தான் கேட்கும், பதில் வராவிட்டால் அங்கேயே நின்றுவிடும். சில நிமிடம் ஓடிய பிறகு வந்தால் சூட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. நன்றாகச் சூடேறி, முடியும் நேரத்தில் வந்தால் போர்டில் உள்ள ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைத் துண்டிக்காமல் இருக்கலாம். சாயங்காலத்தில் மட்டும், ஒரு ஒழுங்கில்லாமல் வந்தால் ஹீட்டரை விட்டுவிட்டு வோல்டேஜையும் எர்த்தையும் பார்க்க வேண்டும்.

தங்கச்சிமடம் டீச்சர் · செவ்வாய், காலை 9:30

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் நாலு நிமிடத்துக்கும் ஐந்து நிமிடத்துக்கும் இடையில். சத்தம் உண்டு தம்பி. சோளம் பொரிகிற மாதிரி ஆறு மாதமாகவே கேட்கிறது, ஹீட்டர் என்றால் இப்படித்தான் போல என்று விட்டுவிட்டேன். முன்பெல்லாம் காவிரித் தண்ணீர்தான் மேலே ஏற்றினோம். போன வருடம் போர் போட்ட பிறகு குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். காவிரித் தண்ணீர் சமையலுக்கு மட்டும்.

மண்டபம் வயர்மேன் · செவ்வாய், காலை 10:10

பாதி விடை வந்துவிட்டது.

முதலில் ஒன்று. வெந்நீர்க் குழாயில் தண்ணீர் வந்தால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். வெந்நீர் எடுக்கும் குழாயின் வாய் தொட்டிக்குள் உச்சியில் இருக்கும். கீழிருந்து பச்சைத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் மேலே இருப்பது வழியும். ஆகவே உங்கள் தொட்டி காலி இல்லை. அப்படியானால் போர்டு ஏன் தண்ணீர் இல்லை என்று கத்துகிறது?

போர்டுக்குக் கண் கிடையாது டீச்சர். பல மாடல்களில் தண்ணீர் இருக்கிறதா என்று நேராகப் பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மட்டும் கவனிக்கும். 2 கிலோவாட் காயில் (தண்ணீரைச் சுட வைக்கும் கம்பிச் சுருள்) 25 லிட்டர் தண்ணீரை நிமிடத்துக்குச் சுமார் 1.15 டிகிரிதான் ஏற்ற முடியும். 28 டிகிரியிலிருந்து 60-க்குப் போக 28 நிமிடம் ஆகும். சென்சார் திடீரென்று ஒரு நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால், இவ்வளவு வேகத்தில் தண்ணீர் சுடாது, காயில் வெறுமனே காய்கிறது என்று போர்டு முடிவு கட்டும். கணக்கு சரிதான், ஆனால் நம் ஊர்த் தண்ணீர் அந்தக் கணக்கில் இல்லை.

காயிலும் சென்சார் செருகியிருக்கும் மெல்லிய குழலும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, சூடு பட்டதும் பிரிந்து காயிலில் படியும், மீதி அடியில் சேறாக உட்காரும். நாளாக ஆக இரண்டையும் சேர்த்து மூடிவிடும். அப்புறம் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் அந்தச் சேற்றுக்குள்ளேயே சுற்றிச் சென்சாரைச் சுடும். தண்ணீர் முழுக்க இருந்தும் இ2 வரும். நீங்கள் கேட்கும் சோளப் பொரி சத்தம், படிவத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் கொதித்து வெடிப்பது.

பிரித்துப் பார்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெயினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

பாம்பன் ஐஸ்பெட்டி · செவ்வாய், காலை 11:20

வயர்மேன் அண்ணன் சொல்வது சரி. ஆனால் போர்டு போகவே போகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீடு கடலிலிருந்து கல்லெறி தூரம். போன ஐப்பசியில் எங்கள் ஹீட்டர் போட்டவுடனே இ4. மூடியைத் திறந்தால் சென்சார் வயர் போய்ச் சேரும் சின்னக் கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று தின்றிருக்கிறது. இரண்டு பின்னையும் சுரண்டி, ஸ்பிரே அடித்து மாட்டினேன், இன்றுவரை ஓடுகிறது. செலவு அந்த ஸ்பிரே டப்பா மட்டும். வலைப் படகு எஞ்சினில் செய்கிற வேலைதான்.

மண்டபம் வயர்மேன் · செவ்வாய், காலை 11:45

ஆமாம் தம்பி, "போட்டவுடனே" என்றீர்களே, அங்கேதான் வித்தியாசம். டீச்சருக்கு நாலரை நிமிடம் ஓடுகிறது, 29 என்று சரியான எண்ணும் காட்டுகிறது. அப்படியானால் சென்சார் பேசுகிறது.

சென்சாரைச் சந்தேகப்படுகிறவர்கள் மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் என்.டி.சி. வகை, சூடு ஏற ஏற ஓம் குறையும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் அல்லது 50 கிலோ ஓம் என்று மாடலுக்கு ஏற்ப இருக்கும். கையில் பொத்திப் பிடித்தால் எண் மெல்ல இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, குதித்தாலோ சென்சாரை மாற்றுங்கள். விலை அதிகமில்லை.

இ.எம்.ஐ. இளைஞன் · செவ்வாய், பகல் 1:05

எதற்கு இவ்வளவு பாடு? சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு 10 கே ரெசிஸ்டரைச் சொருகிவிடுங்கள். போர்டு எப்போதும் 25 டிகிரி என்று நம்பும், எந்தக் கோடும் வராது. வெந்நீர் வந்ததும் கையால் அணைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் ரூமில் ஆறு மாதமாக அப்படித்தான் ஓடுகிறது.

மண்டபம் வயர்மேன் · செவ்வாய், பகல் 1:20

தம்பி, கோபப்படாமல் எழுதப் பார்க்கிறேன்.

நீங்கள் போர்டிடம் பொய் சொல்லிவிட்டீர்கள். இனி தண்ணீர் 80 ஆனாலும் 95 ஆனாலும் அது 25 என்றுதான் நினைக்கும், நிறுத்தாது. ஒரு நாள் அணைக்க மறந்தால் காப்பாற்ற இரண்டே ஆள்தான். ஒன்று, அளவு மீறினால் மின்சாரத்தை வெட்டும் தெர்மல் கட்-அவுட். நடுவில் குட்டிப் பொத்தானோடு காயில் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்று, பச்சைத் தண்ணீர்க் குழாயில் இருக்கும் சேஃப்டி வால்வு.

இந்த இரண்டும் இல்லாத ஹீட்டரை நான் பார்த்திருக்கிறேன். மண்டபத்தில் ஒரு வீடு. ஹீட்டர் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார்கள். முன்பு வேலை பார்த்த யாரோ ஒரு மெக்கானிக், கட்-அவுட் அடிக்கடி விழுகிறது என்று இரண்டு வயரையும் முறுக்கி 'டைரக்ட்' கொடுத்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தார். வால்வு சொட்டுகிறது என்று வீட்டுக்காரர் அதன் வாயில் வேப்பங்குச்சியைச் செதுக்கி அடித்து வைத்திருந்தார். இரண்டு பேருமே நல்லது செய்ததாக நினைத்தவர்கள்தான். அந்தக் குச்சியைப் பிடுங்கும்போது எனக்குக் கை நடுங்கியது. மூடிய தொட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினால் அது ஹீட்டர் இல்லை, வெடிகுண்டு. இன்று சாயங்காலமே அந்த ரெசிஸ்டரைப் பிடுங்குங்கள்.

வால்வு சொட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேருக்குச் சந்தேகம். தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் 28 டிகிரியிலிருந்து 65-க்குப் போனால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். அது போக இடம் வேண்டும். சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. சூடாகாதபோதும் ஓயாமல் சொட்டினால்தான் கோளாறு. சொட்டும் நீரைப் பிடிக்க ஒரு குழாயை மாட்டி வடிகாலில் விடுங்கள், அடைக்காதீர்கள்.

இ.எம்.ஐ. இளைஞன் · செவ்வாய், பகல் 1:50

பிடுங்கிவிட்டேன் அண்ணே. சென்சார் வாங்கும்வரை பச்சைத் தண்ணீர்.

கீழக்கரை பாய் · செவ்வாய், மாலை 4:30

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு வேறு பிரச்சினை. ஹீட்டரில் இ1, கூடவே வீட்டு இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் கருவி) டிரிப் ஆகிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், ஹீட்டர் சுவிட்சை அணைத்து வைத்திருந்தாலும் டிரிப் ஆகிறது. ஃபிரிட்ஜ் ஓடும்போது விழுகிறது. ஃபிரிட்ஜில்தான் கோளாறு என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன், ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மண்டபம் வயர்மேன் · செவ்வாய், மாலை 5:10

வ அலைக்கும் ஸலாம் பாய். ஃபிரிட்ஜ் பாவம். சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் ஹீட்டரோடு தொடர்பிலேயே இருக்கும். காயிலின் மேலுறை அரித்து உள்ளே ஈரம் புகுந்திருந்தால், அந்த நியூட்ரல் வழியாக எர்த்துக்கு ஒரு பாதை கிடைத்துவிடும். வீட்டில் வேறு எது ஓடினாலும் கொஞ்சம் மின்னோட்டம் அந்தப் பாதையில் திரும்பும். 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.க்கு அது போதும். ஹீட்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டு ஒரு நாள் பாருங்கள். டிரிப் நின்றால் ஹீட்டர்தான்.

அப்புறம் காயிலின் இரண்டு முனைக்கும் ஓம் பாருங்கள். 2 கிலோவாட் என்றால் 26 ஓம் சுமார், 3 கிலோவாட் என்றால் 17 அல்லது 18. அது சரியாகவே காட்டும். காட்டினாலும் நம்பாதீர்கள். முனைக்கும் தொட்டி உலோகத்துக்கும் இடையில் பார்ப்பதுதான் முக்கியம். சாதாரண மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம், மின்காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் தெரிந்துவிடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் காயிலை மாற்றுங்கள்.

ஒரு தயவு. டிரிப் ஆகிறது என்று இ.எல்.சி.பி.யை யாராவது 'பைபாஸ்' பண்ணித் தருகிறேன் என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

கீழக்கரை பாய் · செவ்வாய், இரவு 8:40

பிளக்கைப் பிடுங்கினேன், மூன்று மணி நேரமாக டிரிப் இல்லை. ஃபிரிட்ஜிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. பிளக் முனையும் கறுத்து, ஒரு பக்கம் உருகியிருக்கிறது.

மண்டபம் வயர்மேன் · செவ்வாய், இரவு 9:00

2 கிலோவாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13. நல்ல 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். உப்புக் காற்றில் பின் களிம்பு ஏறி இறுக்கம் போனால் அங்கேயே சூடாகி உருகும். சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள் பாய்.

தேவிபட்டினம் அக்கா · புதன், காலை 7:30

எங்கள் போர் தண்ணீரைப் பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தேன், 1,850 காட்டியது. தெருமுனைப் போரில் 900. ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஒவ்வொரு ருசி என்பார்கள், எங்கள் தெருவும் அப்படித்தான். இந்த எண்ணை வைத்து ஹீட்டர் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியுமா? மென்னீராக்கும் கருவி போடலாமா?

உப்பும் உவரும் · புதன், காலை 9:15

வேதியியல் படித்தவன் என்பதால் நுழைகிறேன். அக்கா, அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை. ஆனால் ஹீட்டருக்கு இரண்டு எதிரி உண்டு, இருவரும் வேறு வேறு ஆள்.

கரிக்கும் ருசி பெரும்பாலும் குளோரைடு. அது படியாது, அரிக்கும். ஸ்டெயின்லெஸ் தொட்டியிலும் காயில் உறையிலும் ஊசி முனை அளவு குழி போடும், பாய்க்கு வந்த இ1 மாதிரி. சோப்பு நுரைக்காததும் பருப்பு வேகாததும் சுண்ணாம்பு, மெக்னீசியத்தால். அது அரிக்காது, படியும், டீச்சருக்கு வந்த இ2 மாதிரி. மீட்டரில் 1,850 காட்டும் தண்ணீர் எந்த வகை என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. நீர் பரிசோதனை நிலையத்தில் கடினத்தன்மையையும் குளோரைடையும் தனியாகக் கேளுங்கள். கடினத்தன்மைக்கு அதே தரத்தில் 200, அதிகபட்சம் 600. குளோரைடுக்கு 250, அதிகபட்சம் 1,000.

மென்னீராக்கி சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். படிவம் நிற்கும். ஆனால் மொத்த உப்பு குறையாது, அரிப்பும் குறையாது. உப்பு மூட்டையைக் கொட்டி உப்புத் தண்ணீரைச் சரிசெய்வதா என்று என் அம்மா இன்னும் சிரிக்கிறார்.

செலவில்லாத ஒரு வழி, 70-இல் வைத்திருப்பதை 50-க்கு இறக்குவது. சூடு ஏற ஏறத்தான் சுண்ணாம்பு வேகமாகப் பிரியும். குளிக்க எப்படியும் 40 டிகிரி போதும்.

ராமேஸ்வரம் லாட்ஜ் · புதன், பகல் 12:20

மாடியில் ஹீட் பம்ப் (ஏ.சி. மாதிரி கேஸை வைத்துக் காற்றின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் கருவி) வைத்திருக்கிறோம். அடிக்கடி ஹை பிரஷர் கோட் காட்டி நிற்கிறது. தை அமாவாசைக் கூட்டத்தில் நின்றால் என் கதி அதோகதி.

மண்டபம் வயர்மேன் · புதன், பகல் 1:00

அண்ணாச்சி, அது ஏ.சி. மெக்கானிக் வேலை, கேஸ் பக்கம் நான் போவதில்லை. அவர் வருவதற்குமுன் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள். ஃபில்டர் அடைத்தாலோ, உள்ளே சுண்ணாம்பு படிந்தாலோ சூடு தண்ணீருக்குப் போகாமல் பிரஷர் ஏறும். டீச்சர் வீட்டுக் கதையேதான், உருவம் பெரியது. வெளியே இருக்கும் அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்திருந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தயவுசெய்து போர் தண்ணீரில் கழுவாதீர்கள், ஒருவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஏர்வாடி நைட்டிங்கேல் · புதன், இரவு 7:45

இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. கேஸ் கீசருக்கு மாறிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அதில் கோட் தொல்லை இல்லைதானே?

பாம்பன் ஐஸ்பெட்டி · புதன், இரவு 8:10

டிஸ்பிளே உள்ளதில் உண்டு, தீப்பற்றவில்லை, தீ அணைந்தது என்றெல்லாம் வரும். தண்ணீர் அழுத்தம் குறைந்தாலும் பற்றாது. தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பேட்டரி தீர்ந்தாலும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

மண்டபம் வயர்மேன் · புதன், இரவு 8:30

கோட் காட்டாத ஆபத்து ஒன்று அதில் உண்டு தங்கச்சி. மூடிய குளியலறையில் எரியும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு வரும். வாடை இல்லை, நிறம் இல்லை. குளிக்கப் போனவர்கள் மயங்கிக் கிடந்து உயிர் போன செய்தி குளிர்காலத்தில் நாட்டில் எங்காவது வந்துகொண்டுதான் இருக்கிறது. வைப்பதானால் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், வெந்நீர் மட்டும் குழாயில் உள்ளே வரட்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

தொண்டி தாத்தா · புதன், இரவு 9:20

மகள் டெக்சாஸில் இருக்கிறாள். போன வருடம் அங்கே மூன்று மாதம் இருந்தேன். அவள் வீட்டில் ரின்னாய் என்ற ஜப்பான்காரன் ஹீட்டர், தொட்டியே கிடையாது, சுவரில் பெட்டி. அதில் 11 என்றால் தீப்பற்றவில்லை, 12 என்றால் எரிந்த தீ அணைந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது எல்.சி. என்று ஒரு கோட். உள்ளே சுண்ணாம்பு படிகிறது, வந்து கழுவு என்று அதுவே சொல்லும். படிவத்துக்கென்று தனிக் கோட். நம் ஊர்க் கடலோரத்துக்கு விற்பவர்கள் வைக்க வேண்டியது அதைத்தான்.

தங்கச்சிமடம் டீச்சர் · வியாழன், மாலை 6:15

இன்று பிரித்தாயிற்று. முந்தைய மெக்கானிக் வேண்டாம் என்று, என்னிடம் படித்த பையன் ஒருவன் ராமநாதபுரத்தில் இந்த வேலை பார்க்கிறான், அவனை வரச் சொன்னேன். வயர்மேன் தம்பி எழுதியதை அவனுக்குக் காட்டினேன். "சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் டீச்சர்" என்றான்.

மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துத் தொட்டியை வடித்தான். கடைசி நாலைந்து லிட்டர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. அடித்தட்டின் நட்டுகளைக் கழற்றி இறக்கும்போது பக்கெட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பிடித்தேன். சொத்தென்று விழுந்தது ஒரு கட்டி, அதன் பின்னால் வெள்ளைச் சேறு. எடை போட்டுப் பார்க்கத் தோன்றியது, சமையலறைத் தராசில் 1 கிலோ 300 கிராம். காயில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கடற்கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டு மாதிரி சொரசொரவென்று ஒரு கொத்து, அதற்குள்ளேதான் காயிலும் சென்சார் குழலும் ஒன்றாகப் புதைந்திருந்தன. பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து மகளும் பார்த்தாள். "இதிலா அம்மா குளித்தோம்" என்றாள்.

ஆனோட் ராடு என்று ஒன்றைக் காட்டினான். புதிதில் கட்டைவிரல் தடிமன் இருக்குமாம். எங்களுடையதில் நடுக் கம்பி மட்டும், பென்சில் சீவி முடிந்த மாதிரி.

படிவத்தை ஸ்குரூடிரைவரால் குத்தாமல் மரக்கரண்டிக் காம்பால் தட்டி எடுத்தான். மீதிக்குச் சிட்ரிக் ஆசிட் உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கு, காயிலை ஊறவைத்தோம். நுரைத்துக்கொண்டு விட்டது. கழிவறை ஆசிட்டைக் கேட்டேன், "காயிலே கரைந்துபோகும் டீச்சர்" என்றான். கேஸ்கெட் புதிது, ஆனோட் ராடு புதிது, கூலியோடு 1,150 ரூபாய். தண்ணீரை நிரப்பி, வெந்நீர்க் குழாயில் காற்று விட்டு விட்டு வருவது நின்ற பிறகுதான் சுவிட்சைப் போட விட்டான்.

29-இல் ஆரம்பித்து 55-க்கு 24 நிமிடம். நடுவில் ஒரு பீப் இல்லை, சோளப் பொரியும் இல்லை. போர்டு அதே போர்டுதான்.

மண்டபம் வயர்மேன் · வியாழன், மாலை 6:50

ரொம்ப சந்தோஷம் டீச்சர். 24 நிமிடம் என்பதைக் குளியலறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அதே 29-இலிருந்து 55-க்குப் போக ஆகும் நேரம் மாறிக்கொண்டே வந்தால், இ2 வருவதற்கு முன்பே சந்தேகப்படலாம். ஆனால் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது பாருங்கள். 180 வோல்ட்டில் 2 கிலோவாட் காயில் 1.2 கிலோவாட்தான் கொடுக்கும், 40 நிமிடம் ஆனாலும் ஆகும். அதைப் படிவம் என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

ஆனோட் ராடு தன்னை அரிக்கக் கொடுத்துத் தொட்டியைக் காப்பாற்றும் மெக்னீசியம். உங்கள் போர் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். காவிரித் தண்ணீரை ஹீட்டருக்கு மட்டும் தனிக் குழாயில் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. குளிக்கும் வெந்நீர் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிவிடப் போகிறது.

சாயல்குடி கரிமூட்டை · வியாழன், இரவு 7:05

1 கிலோ 300 கிராமா! வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் போலிருக்கிறதே. பேரனுக்கு என் ஆசி.

தங்கச்சிமடம் டீச்சர் · வியாழன், இரவு 7:20

இந்த மூன்று நாளும் உங்கள் கருவேல விறகுதான் காப்பாற்றியது அண்ணே. கம்பி ஹீட்டரைப் பக்கெட்டில் போடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார், பிள்ளை இருக்கிற வீட்டில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உச்சிப்புளி புதுவீடு · வெள்ளி, காலை 6:30

அண்ணே, இதையெல்லாம் இப்போதுதான் படித்தேன். என் ஹீட்டரில் இ5 வருகிறது. என்ன செய்ய?

மண்டபம் வயர்மேன் · வெள்ளி, காலை 6:55

தனி இழை தொடங்குங்கள் தம்பி. மாடல் எண், எந்தத் தண்ணீர், சுவிட்சைப் போட்டு எத்தனை நிமிடத்தில் வருகிறது, மூன்றையும் எழுதுங்கள்.